தங்க முனைக் கேபிள்

தப்பு அந்த எட்டுக்கால் சிப்பில்தான் இருக்கிறது என்று நேசகுமார் முடிவு கட்டினார்.

அதற்கு முன்னால் தப்பு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. சவுண்டு கார்டை மாற்றியதும் அங்கிருந்து கிளம்பி ஹெட்போனுக்குப் போனது. ஹெட்போனை மாற்றியதும் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு டப்பா வாங்கி வைத்தார். கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சத்தத்தைச் சுத்தப்படுத்திக் காதுக்கு அனுப்புகிற டப்பா என்று கடைக்காரர் சொன்னார். தப்பு அந்த டப்பாவுக்கு வருகிற கேபிளில் புகுந்துகொண்டது. இரண்டு முனையிலும் தங்க முலாம் பூசிய டிஜிட்டல் கேபிளை வாங்கி மாட்டினார். இப்போது தப்பு டப்பாவுக்குள் இருக்கிற சிப்புக்குக் குடிபோயிருக்கிறது. விட்டால் அது தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகும் என்றாள் அவர் மனைவி ஞானபூரணி. அது அவருக்குக் கேட்கவில்லை.

இத்தனையும் எதற்கு? வாரத்தில் ஒருநாள் வருகிற ஒரு குரலுக்கு. மகள் ஜாஸ்பின் சிங்கப்பூரில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கூப்பிடுவாள். முதலில் அப்பா ஹெட்போனை மாட்டிப் பேசுவார். பிறகு அம்மாவிடம் கொடுப்பார். மகள் போகும்போது அவர் போகாதே என்றவர். உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே வேலை தயாராக இருந்தது. அதை வேண்டாம் என்று விட்டு அவள் விமானம் ஏறியபோது வழியனுப்பக்கூடப் போகவில்லை. மாதங்கள் போகப் போகக் கோபம் தேய்ந்துவிட்டது. இப்போது அவருக்கு வேண்டியதெல்லாம் அவள் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். வருகிற கிறிஸ்துமஸோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கே வந்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் பேசினாள். ஹெட்போனுக்குள் பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஏதோ அசைந்தது. முகத்தைப் பார்க்க முடியாது, குரல் மட்டும்தான். நேசகுமார் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டினார்.

"ஆமா ஆமா," என்றார்.

மகள் ஏதோ கேட்டாள்.

"ஆமா ஆமா. சரி சரி," என்றார்.

கேட்காத எதற்கும் அவர் வைத்திருந்த பதில் அது. எந்தக் கேள்விக்கும் பொருந்தும் என்று நம்பினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

ஞானபூரணி ஹெட்போனைக் காதில் வைத்தாள். முகம் மாறியது. "அப்பிடி இல்லம்மா… அவுகளுக்கு… ஏட்டி, அழாத," என்றாள். பிறகு ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நேசகுமார் டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்கும் கரகரங்குதா? நான் சொல்லல? சிப்புதான்," என்றார்.

நேசகுமாருக்குத் தன் காதைப் பற்றி ஒரு பெருமை உண்டு. அது காரணமில்லாத பெருமையும் இல்லை. சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் அவர் ஆஃப்செட் மெஷின் போர்மேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓடுகிற மெஷினில் எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று சொன்னவர். அது ஒரு காலம். இப்போதெல்லாம் ரோலரைக் கையால் தடவிப் பார்க்கிறார். அதை யாரிடமும் சொல்வதில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. அது டீ கரெக்‌ஷன்.

காலண்டர் சீசனில் வெளியூர் பார்ட்டிகள் வந்து புரூப் பார்ப்பார்கள். முருகன் படத்தை வெயிலில் பிடித்து, "மஞ்சள் பத்தாது," என்பார்கள். உண்மையில் பத்தும். நேசகுமார் மறுத்துப் பேச மாட்டார். தாளை வாங்கிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போவார். ஒரு டீ சாப்பிடுவார். அதே கட்டிலிருந்து அடுத்த தாளை உருவிக்கொண்டு வருவார். பார்ட்டி வெயிலில் பிடித்து, "ஆங்! இதுல்ல மஞ்சள்!" என்று கையெழுத்துப் போடும். பிரஸ் முழுக்க அதற்கு டீ கரெக்‌ஷன் என்று பெயர். கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். "மனுசனுக்குக் கண்ணு பாக்காது பூரணி. நெனப்புதான் பாக்கும்," என்பார்.

ஞானபூரணி விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொன்னதை மறக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேசகுமார் விருதுநகருக்கு பஸ் ஏறினார். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிரபாகரன் நல்ல பையன். ஏமாற்றுகிறவன் இல்லை. அவனும் இதையெல்லாம் நம்பினான்.

"அண்ணாச்சி, கேபிள் எப்படி இருக்கு?"

"பிரமாதம். நாளாக நாளாக மெருகேறுது. புதுச் செருப்பு பழகுத மாதிரி."

"அதான் அண்ணாச்சி! அது பழகப் பழகத்தான் பாடும். இனி சிப்பை மட்டும் மாத்திட்டா, பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்கும்."

"மூச்சு வேண்டாம்ப்பா. பேச்சு கேட்டாப் போதும்."

"ஆர்டர் போட்டுரவா?"

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

வீட்டில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டார். பல வார்த்தைகள் திரும்ப வந்தன. ஞானபூரணி அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள். இப்படி அவள் நேரில் நின்று பேசுவதை நேசகுமார் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

"டிஜிட்டல் டிஜிட்டல்னு சொல்றீகளே, அந்தக் கேபிள்ல என்னதான் போகுது?"

"சத்தம் நேராப் போகாது. எல்லாத்தையும் ஒண்ணு, சைபர், ஒண்ணு, சைபர்னு மாத்தி அனுப்பும். டப்பா அதத் திருப்பிச் சத்தமாக்கும்."

"சாதாக் கேபிள்ல போனாலும் ஒண்ணு, ஒண்ணாத்தானே போய்ச் சேருது?"

"ஆமா."

"தங்கக் கேபிள்ல போனா ஒண்ணரையா சேருமா?"

நேசகுமார் யோசித்தார். "ஒண்ணு ஒண்ணாத்தான் சேரும். ஆனா… நல்ல ஒண்ணாச் சேரும்."

"நல்ல ஒண்ணா!"

"உனக்கு இதெல்லாம் புரியாது பூரணி."

"ஒரு போன் நம்பரப் புதுச் செருப்புப் போட்டு வந்து சொன்னாலும், பிஞ்ச செருப்புப் போட்டு வந்து சொன்னாலும் நம்பர் ஒரே நம்பருதானங்க? வழியில கேபிள் அறுந்து போயிருந்தா விட்டு விட்டுக் கேக்கும், இல்ல கேக்கவே கேக்காது. மூட்டைக்குள்ள பேசுத மாதிரி எப்படிக் கேக்கும்? எனக்கு அந்த ஹெட்போன்ல பிள்ள பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரில்ல கேக்குது."

"அது உன் காது சாதாக் காது. எது வந்தாலும் கேட்டுக்கிடும். என் காது தரம் பாக்கும்."

"தரம் பாக்குற காதை ஒரு டாக்டரும் பாத்தா என்ன?"

காதைச் சொன்னதும் நேசகுமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்தப் பேச்சை அவள் எடுப்பது புதிதல்ல. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கோபத்தில் அவர் செய்கிற அதிகபட்சக் காரியம் அதுதான்.

ஞானபூரணி குரலை மாற்றினாள். "சரி, சிப்பை வாங்குங்க. ஒரே ஒரு கண்டிசன். கண்ணக் கட்டிக்கிடுங்க. நான் கேபிளை மாத்தி மாத்தி மாட்டுறேன். எது சாதா, எது தங்கம்னு சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டா சிப்பும் வாங்கலாம், டப்பாவுக்கு ஒரு தேக்குப் பலகையும் அடிக்கலாம். தப்பாச் சொன்னா நான் கூப்புடுற இடத்துக்கு வரணும். மறுபேச்சு கூடாது."

நேசகுமார் உள்ளுக்குள் சிரித்தார். கூப்பிடுகிற இடம் எதுவென்று அவருக்குத் தெரியாதா? ஆலங்குளம். அங்கே சிமெண்டு பாக்டரியில் வேலை பார்க்கிற அவள் அக்கா புருஷன் வீடு. போனால் ஒரு நாள் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லைப் பற்றியே பேசுவார். தோற்றாலும் நஷ்டம் அவ்வளவுதான். அதற்குமேல், தோற்பதாகவும் அவருக்கு உத்தேசம் இல்லை. நாற்காலியைப் பீரோவுக்கு எதிரே போட்டுவிட்டால் போதும். பீரோக் கண்ணாடியில் கம்ப்யூட்டர் மேசை பளிச்சென்று தெரியும். துண்டைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினால் கீழ்வழியாகப் பார்க்கலாம்.

சனிக்கிழமை சாயந்தரம் சோதனை. நேசகுமார் ஒன்றும் தெரியாதவர்போல் நாற்காலியை இழுத்துப் பீரோவுக்கு எதிரே போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். துண்டைத் தானே கட்டிக்கொண்டார். ஞானபூரணி துவைத்து மடித்த தன் யூனிபார்ம் சேலையை உதறிக் கண்ணாடிமேல் போட்டாள். துண்டின் கீழ்வழியாகப் பார்த்தவருக்கு வெள்ளைச் சேலை மட்டும் தெரிந்தது.

"காத்து வாங்கட்டும்," என்றாள் அவள்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டுக் கோவில் பாடகர் குழுவின் சி.டி. ஒன்றைப் போட்டாள். பாட்டு ஓடியது. நிறுத்தினாள். "மாத்துறேன், இருங்க," என்று ஹெட்போனை விலக்கி அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள். நேரம் போனது. மறுபடி அதே பாட்டு. மறுபடி நிறுத்தம். "மாத்துறேன், இருங்க." இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நேரம் போனது. மறுபடி அதே பாட்டு.

"சொல்லுங்க."

நேசகுமார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடி போனால் என்ன, காது இருக்கிறதே.

"முதல்ல போட்டது சாதா. மந்தம். சாக்கு போட்டு மூடின மாதிரி. ரெண்டாவது தங்கம். சந்தேகமே இல்ல. ஆர்மோனியம் தனியா நிக்குது, பாட்டு தனியா நிக்குது. மூணாவது திரும்பவும் சாதா. என்ன, சரியா?"

"துண்ட அவுருங்க."

அவிழ்த்தார். ஞானபூரணி மேசையில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் ஒரு டம்ளர் இருந்தது. அதில் பாதி குடித்த டீ இருந்தது.

நேசகுமார் டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார். இரண்டு தடவையும் அடுப்படிக்குப் போய் டீ குடித்திருக்கிறாள். முருகன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற பார்ட்டியாகத் தன்னை அவர் பார்த்தார்.

"மாத்தவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப மூணும் தங்கமா?"

"மூணும் சாதா."

"தங்கக் கேபிள் எங்க?"

அவள் படுக்கையறைப் பக்கம் கையைக் காட்டினாள். நேசகுமார் எழுந்து போய்ப் பார்த்தார். கொசுவலை கட்டியிருந்தது. மூன்று மூலையில் வெள்ளை நாடா. நாலாவது மூலையை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்தது கறுத்த, தடித்த கேபிள். அதன் நுனியில் தங்கம் மினுங்கியது. தினமும் அதன் அடியில்தான் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

"எப்ப இருந்து?"

"போன மாசம் ஒட்டடை அடிக்கும்போது எல்லாத்தையும் கழத்தினேன். நாலாவது மூலை நாடா அறுந்து கெடந்துச்சு. இது நல்லா உறுதியா இருந்துச்சு. கட்டிட்டேன். டப்பாவுக்கு அதோட வந்த கேபிளையே மாட்டினேன். அன்னைக்குச் சாயந்தரம்தான் நீங்க சொன்னீக, கேபிள் மெருகேறிருச்சுன்னு."

"ஒரு நாடா வாங்கிட்டு வரச் சொல்லக்கூடாதா?"

"நாலு தடவ சொன்னேன். நாலு தடவயும் 'ஆமா ஆமா, சரி சரி'ன்னீக."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கொசுவலை தோளில் பட்டது. ஆலங்குளத்துக்குக் கிளம்ப எந்தச் சட்டையைப் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். கௌரவமாகத் தோற்றவர் முகத்தோடு, "சரி, எப்பப் போகணும்? உங்க மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிரு," என்றார்.

ஞானபூரணி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"போன ஞாயித்துக்கிழமை ஜாஸ்பின் உங்ககிட்ட என்ன கேட்டான்னு தெரியுமா?"

"கேட்டா… என்னமோ கேட்டா. உடம்பப் பத்தி."

"'அப்பா, எம்மேல இன்னும் கோவமா?'ன்னு கேட்டா."

அவர் கொசுவலையைத் தோளிலிருந்து விலக்கினார்.

"'ஆமா ஆமா'ன்னீக. சிரிச்சுக்கிட்டே. அவளுக்கு உங்க சிரிப்பு தெரியாது. பெறகு கேட்டா, 'அப்ப நான் வரலப்பா, இன்னும் ரெண்டு வருசம் இங்கனயே எழுதிக் குடுத்துரட்டுமா?'ன்னு. அதுக்கும் 'ஆமா ஆமா, சரி சரி'ன்னீக."

"நீ சொல்லக்கூடாதா, எனக்குக் கேக்கலைன்னு?"

"சொன்னேன். நம்ப மாட்டேங்கா. 'எங்கப்பாவுக்கா? வாசல்ல நின்னே ரோலர் தேஞ்சதச் சொல்லுவாக'ங்கா. நீங்க வளத்த பெருமை. சின்னதுல இருந்து கேட்டு வளந்த பிள்ளைல்ல? புதன்கெழமை கையெழுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொன்னா."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பாக்டரி வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. இறங்கியவர்கள் வாயை அசைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். வேனின் இரைச்சல் மட்டும்தான் தனக்குக் கேட்கிறது என்பதை நேசகுமார் அன்றைக்குத்தான் கவனித்தார்.

"எந்தச் சட்டையப் போடட்டும்?" என்றார்.

காது டாக்டரிடம் போனார்கள். அங்கே கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, தலையில் ஒரு ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நேசகுமார் முதலில் ஹெட்போனின் கேபிளைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது சாதாக் கேபிளாட்டம் இருக்கே. வேற இருந்தா மாத்திப் பாக்கலாமா?"

"எல்லாருக்கும் இதுதாங்க ஐயா," என்று சோதனை செய்கிற பெண் கதவைச் சாத்தினாள்.

நேசகுமார் கவனமாக உட்கார்ந்தார். ஏதோ மெலிதாகக் கேட்பதுபோல் இருந்தது. அழுத்தினார். மறுபடி கேட்டது. அழுத்தினார். தேர்ச்சி பெற்றுக்கொண்டிருக்கிறோம் என்று கொஞ்சம் தெம்பு வந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் உள்ளே வந்து குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

"ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

கடைசியில் டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு, கொஞ்ச தூரம் சமமாகப் போய், பிறகு கிணற்றுப் படிபோல் இறங்கியது. வேனும் மெஷினும் கேட்கும், பெண்கள் குரலும் பிள்ளைகள் குரலும்தான் மங்கிப் போயிருக்கிறது என்றார். வருஷக்கணக்கில் இரைச்சலான இடத்தில் வேலையா என்று கேட்டார்.

நேசகுமார் தலையை ஆட்டினார். எந்த மெஷினின் சத்தத்தைக் கேட்டுப் பெயர் வாங்கினாரோ அந்த மெஷினே அவர் காதைத் தேய்த்திருக்கிறது. அந்த ரோலரை மட்டும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

காதுக் கருவி வந்தது. அதை மாட்டிக்கொண்டு திரும்பிய அன்று பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற சத்தம் கேட்டது. ஞானபூரணியின் வளையல் சத்தம் கேட்டது. அவள் அவர் பக்கம் திரும்பாமலே ஏதோ சொன்னாள். அதுவும் கேட்டது. "திருத்தங்கல் வந்துருச்சு," என்றாள், அவ்வளவுதான். நேசகுமார் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்பின் கூப்பிட்டாள். கருவிக்குமேல் ஹெட்போனை மாட்டினால் கீ என்று கத்தியது. டப்பா, கேபிள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் வாங்கும்போது இலவசமாக வந்த குட்டி ஸ்பீக்கரைப் பரணிலிருந்து இறக்கி மாட்டினார்கள்.

"அப்பா."

கேட்டது. தெளிவாகக் கேட்டது. அவள் குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ.

"ஜாஸ்பின், கோவம் இல்லம்மா."

"என்னப்பா?"

"அன்னைக்கு நீ கேட்டேல்ல. எனக்குக் கேக்கலம்மா. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு."

அந்தப் பக்கம் பேச்சில்லை. முன்பு என்றால் கேபிளைச் சந்தேகப்பட்டிருப்பார்.

"கேக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லப்பா."

"சொல்லியிருக்கலாம்."

"கையெழுத்துப் போட்டாச்சேப்பா. கிறிஸ்மஸுக்கு லீவு போட்டு வாரேன். பத்து நாள்தான் குடுப்பாக."

"வா. பத்து நாளும் பேசு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றார். ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு விஷயமும் அந்த வாரத்தில் அவருக்குத் தெரியவந்தது. சில வருஷங்களாகவே மனைவி சாந்தமாகிவிட்டாள், முன்போல் எதிர்த்துப் பேசுவதில்லை, தன் குடும்பம் நடத்துகிற திறமைக்கு அடங்கிவிட்டாள் என்று பிரஸ்ஸில் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது கருவியை மாட்டிக்கொண்டு காலையில் பேப்பர் படிக்கும்போது அடுப்படியிலிருந்து வருகிறது. செருப்பைப் போட்ட இடம், துண்டை எறிந்த இடம், சோற்றில் உப்பு பார்க்கிற லட்சணம், அவர் அம்மா வழிப் பரம்பரை. எதுவும் குறையவில்லை. ஒருநாளும் நின்றிருக்கவில்லை. நடுநடுவே சாதாரணப் பேச்சும் வந்தது. கால் வலிக்கிறது என்றாள். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை பிழைத்துக்கொண்டது என்றாள். பதில் வராது என்று பழகிப்போன குரலில், பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். திட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இது பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் இப்படி எத்தனை சொல்லியிருப்பாள், எதற்கெல்லாம் தான் "ஆமா ஆமா" சொல்லியிருப்போம் என்று நினைத்து நினைத்துப் பார்த்தார்.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அவர் முடிவு எடுத்தால் எடுத்ததுதான்.

சாயந்தரம் அவள் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நேசகுமார் பின்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். இந்த வார்த்தைகளை அவர் அதற்கு முன்னால் சொன்னதே இல்லை. கூச்சமாக இருந்தது.

"பூரணி, நீ பேசுன அம்புட்டையும் கேக்காம விட்டுட்டேன். தப்புதான். உனக்கு எம்மேல கோவமா?"

அவள் திரும்பவில்லை. தலை மட்டும் மெல்ல ஆடியது. அப்போதுதான் கவனித்தார். அந்த ஹெட்போன் இப்போது அவள் தலையில் இருந்தது. டப்பாவில் சின்ன விளக்கு எரிந்தது. கண்ணை மூடிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ பின்னால் நிற்பது தெரிந்திருக்க வேண்டும்.

"ஆமா ஆமா," என்றாள் சிரித்த முகத்தோடு. "சரி சரி."